பாரும் பேங்கும்

தூத்துக்குடிக் கடலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அரசு அறிக்கைகளைப் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: பேங்க். முத்துச்சிப்பி விளையும் கடலடி இடங்களை அதிகாரிகள் ‘பேர்ல் பேங்க்’ என்று எழுதினார்கள். அந்த இடங்களில் மூச்சடக்கி இறங்கியவர்கள் அவற்றைப் ‘பார்’ என்றார்கள், இன்றும் அப்படியே சொல்கிறார்கள். அதே ஊருக்குள் ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வணிகர்கள் தொடங்கிய நாடார் பேங்க், 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஆனது. தலைமை அலுவலகம் இன்றும் இந்த ஊரில்தான். தெருவில் அந்தச் சொல் வேர்பிடித்துவிட்டது. கடலில் அது தாளை விட்டு இறங்கவே இல்லை.

ஒரே சொல்லுக்கு ஒரே ஊரில் ஏன் இந்த இரண்டு கதி? ‘பார்’ இருந்த இடத்தில் ‘பேங்க்’ என்று எழுதியது சரியான பெயர்ப்பா, குறையுள்ளதா, தீங்கானதா? சொல்லைப் பற்றிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேட அகராதியோடு கடலின் தரையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கவர்ச்சியான வாதத்தை ஒதுக்கிவிட வேண்டும். ‘வெள்ளைக்காரன் கடலைப் பணப்பெட்டியாகப் பார்த்தான், அதனால்தான் பேங்க் என்று பெயர் வைத்தான்’ என்று மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது நிற்காது. ஆங்கில அகராதிகளில் பேங்க் ஒரே சொல் அல்ல. ஆற்றங்கரை, மேடு, கடலடித் திட்டு என்ற பொருள்களைத் தரும் சொல் ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியே வந்தது. பணம் போட்டுவைக்கும் பேங்க், இத்தாலியில் காசு மாற்றுவோர் போட்டு உட்கார்ந்த பலகையின் பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெகுதொலைவில் ஒரு பழைய ஜெர்மானிய வேரில் இரண்டும் சந்திக்கின்றன என்பது மொழியறிஞர் கணிப்பு. கப்பலோட்டிகளுக்கு அந்தச் சந்திப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வடகடலின் டாகர் பேங்க், நியூஃபவுண்ட்லாந்தை அடுத்த கிராண்ட் பேங்க்ஸ், நம் குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் எல்லாம் மீன்பிடிப்போரும் மாலுமிகளும் வழங்கிய பெயர்கள். பணத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. துடுப்பு வரிசையும் பேங்க், மூடுபனித் திரளும் பேங்க், விமானம் ஒருபுறம் சாய்வதும் பேங்க், ஒருவரை நம்பியிருப்பதும் பேங்க். இவ்வளவு கிளைவிட்ட சொல்லின் ஒரு கிளையை இன்னொன்றின் மேல் ஒட்டிக் குற்றம் சாட்டுவது திறனாய்வு ஆகாது.

ஆகவே நியாயமான கேள்வி இதுதான்: கடலடித் திட்டு என்ற பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும், ‘பேங்க்’ பாரைச் சொல்கிறதா?

பேங்க் என்றால் சுற்றிலும் உள்ள ஆழத்தைவிட மேடான இடம். உயரமே அதன் அளவுகோல். கப்பலின் அடிப்பாகம் தட்டுமா, நங்கூரம் எட்டுமா என்று கேட்பவனுக்கு அது போதும். பாரின் அளவுகோல் வேறு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு எதிரே கடலடி பெரும்பாலும் மணல். அந்த மணல்வெளியில், கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் அங்கங்கே பாறையும் இறந்த பவளக்கல்லும் தலைகாட்டுகின்றன. அவையே பார்கள். சில பார்கள் சுற்றியுள்ள மணலைவிட அதிகம் உயர்ந்தவை அல்ல. உயரம் அங்கே பொருட்டும் அல்ல. கையை வைத்தால் கெட்டியா, பொலபொலப்பா என்பதுதான் பொருட்டு.

முத்துச்சிப்பியின் வாழ்வே அந்தக் கெட்டித்தன்மையில் தொங்குகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு சில வாரம் நீரில் மிதந்து திரியும். பிறகு அது ஒரு திடமான இடத்தைப் பிடித்தாக வேண்டும். தன் உடலிலிருந்து நூல்களைச் சுரந்து கல்லிலோ பழைய சிப்பியிலோ கட்டிக்கொள்ளும். பிடிமானம் கிடைக்காத குஞ்சு மணலில் புதைந்து சாகும். பிடித்த பிறகும் மணல் நகர்ந்து பாரை மூடிவிட்டால் அதே முடிவுதான். சூரன் என்ற சிறு மட்டி கூட்டமாகப் படர்ந்து சிப்பிகளின் மேல் பாய் பின்னினால் அவை மூச்சுமுட்டிப் போகும். திருக்கையும் கிளாத்தியும் வந்து தின்னும். இத்தனையும் தப்பி மூன்று நான்கு வயதை எட்டினால்தான் முத்துக்குளிப்புக்கு ஆகும். அதற்கும் மேல் விட்டுவைத்தால் தானாகவே மடிந்துவிடும். ‘பார்’ என்று சொன்னவுடன் இந்தப் பிடிமானம் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. பாறை என்ற சொல்லுக்கு உறவான சொல் அது. ‘பேங்க்’ என்று எழுதினால் மேடு மட்டும் மிஞ்சுகிறது, கல் விழுந்துவிடுகிறது.

சங்கை வைத்துப் பார்த்தால் இந்த இழப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். சங்கு பாரில் வாழ்வதில்லை. மெல்லிய மணலில், புழுக்கள் நிறைந்த தரையில் ஊர்ந்து அந்தப் புழுக்களைத் தின்று வாழ்கிறது. சங்குகுளி மீனவர்கள் அந்தத் தரையைப் ‘பூச்சி மணல்’ என்கிறார்கள். இதைவிடச் சுருக்கமாக ஓர் உயிரின் இருப்பிடத்தையும் உணவையும் சேர்த்துச் சொல்லும் பெயரை நான் அறிவியல் நூல்களில் பார்த்ததில்லை. முத்து என்றால் பார், சங்கு என்றால் பூச்சி மணல். இரண்டு உயிர், இரண்டு தரை, இரண்டு சொல். ஆங்கிலக் கோப்புகளில் முத்துக்கும் பேங்க், சங்குக்கும் பேங்க். சில சமயம் இரண்டுக்கும் ‘படுக்கை’ என்ற பொருள் தரும் ‘பெட்’. இருந்த வேறுபாடு அழிந்துபோனது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லின் மணம் போனால் பொறுத்துக்கொள்ளலாம். வேறுபாடு போனால் அது பிழை.

இங்கே நிறுத்தினால் தீர்ப்பு எளிது. ஆனால் மறுதரப்பிலும் சான்றுகள் உண்டு, அவற்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் சான்று, பார்களின் பெயர்களே. தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார், பாசிப் பார், நாகரைப் பார், திருச்செந்தூர்ப் பூந்தோட்டப் பார், ராஜாவுக்குச் சிப்பி சோதித்த பார் என்று நீளும் பட்டியலில், ஆங்கிலப் பட்டியல்கள் ‘அருபகம்’ என்பதுபோல் எழுதிவைத்த ஒரு சொல்லும் வருகிறது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவின் பெயரோடு சேர்ந்தும் அது வருகிறது. இதை ‘ஆறு பாகம்’ என்று படிப்பதே பொருத்தம் என்பது என் துணிபு. பாகம் என்பது கடலில் ஆழத்தை அளக்கும் அளவு. இரு கைகளையும் விரித்த நீளம். அப்படியானால் வான்தீவுக்கு எதிரே ஆறு பாகம் ஆழத்தில் உள்ள பார் என்று பெயருக்குப் பொருள் வந்துவிடும். ‘மேல ஒன்பது’, ‘வட ஒன்பது’ என்ற பெயர்களும் இதே வழியில் விளங்கக்கூடும். என் படிப்பு சரியென்றால், நம் மீனவர்களும் ஆழத்தைக் கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஆங்கிலேயன் மேலிருந்து ஆழம் பார்த்தான், தமிழன் கீழிருந்து கல்லைத் தொட்டான்’ என்ற அழகான எதிர்நிலை அத்தனை சுத்தமாக நிற்காது. இருந்தாலும் ஒன்று மாறவில்லை. தமிழ்ப் பெயரில் ஆழம் அடைமொழியாக நின்றது, தலைச்சொல் பாராகவே இருந்தது. ஆங்கிலத்தில் மேடே தலைச்சொல் ஆகிவிட்டது.

இரண்டாம் சான்று இன்னும் கனமானது. பேங்க் என்று எழுதிய அதிகாரிகள் எல்லோரும் குருடர்கள் அல்லர். 1822இலும் 1830இலும் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. பிறகு 1860 வரை இல்லை. 1830க்கும் 1856க்கும் இடையில் 13 முறை பார்களைச் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் வளர்ந்த சிப்பி போதவில்லை. ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். பாம்பன் கடல்வழியை அகலப்படுத்தியதால் நீரோட்டம் வலுத்து, குஞ்சுச் சிப்பி பார்களில் ஒட்ட முடியாமல் போகிறதோ என்று தூத்துக்குடித் துறைமுக அதிகாரி ஒருவரே ஐயம் எழுப்பினார். அந்த விளக்கம் சரியா என்பது வேறு விஷயம். அவர் கேட்டது பிடிமானத்தைப் பற்றிய கேள்வி. ‘பேங்க்’ என்ற சொல்லைப் பயன்படுத்திக்கொண்டே அவரால் அதைக் கேட்க முடிந்தது. ஒரு சொல் எல்லோருடைய கண்ணையும் கட்டிவிடும் என்று நம்புவது சொல்லுக்கு அளவுக்கு மீறிய வலிமை தருவது.

மூன்றாவது, நம் சொற்களும் தவறு செய்யும். வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் பெரிய பார் என்று ஒன்று உண்டு. குளியாளிகள் அதைத் ‘தாய்ப் பார்’ என்றும் சொன்னார்கள். அங்கே குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றும். அவையே பிறகு நகர்ந்துபோய் மற்றப் பார்களை நிரப்புகின்றன என்பது நம்பிக்கை. 1902இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்த ஹெர்ட்மன் என்ற உயிரியலாளரும், அவருடன் வந்து பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல்லும் அந்த இடத்தை ஆராய்ந்தார்கள். ஒட்டிக்கொண்ட சிப்பி ஊர்ந்து இன்னொரு பாருக்குப் போவதில்லை. பெரிய பார் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேரே திறந்து கிடக்கிறது. குஞ்சுகள் பலமுறை அங்கே குவிந்தன, கடல் கொந்தளித்ததும் அடித்துச் செல்லப்பட்டன. அந்தத் தாய் மற்றப் பார்களுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை என்பதே அவர்கள் முடிவு. மக்கள் வைத்த பெயர் என்பதாலேயே ஒரு பெயர் உண்மையாகிவிடாது. இதைச் சொல்லாமல் ‘பார்’ என்ற சொல்லைப் புகழ்ந்தால் நான் வழக்கறிஞனாகிவிடுவேன்.

ஆனால் அதே ஹெர்ட்மனும் ஹார்னெல்லும் தங்கள் ஆங்கில அறிக்கைகளில் என்ன எழுதினார்கள்? பெரிய பார், சேவல் பார், வங்காலைப் பார். ஆங்கில வாக்கியத்துக்குள் ‘பார்’ என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே இறக்கினார்கள். பொதுவாகப் பேசும்போது பேங்க். குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சுட்ட வேண்டியபோது, அங்கே கல் எப்படி, மணல் எப்படி என்று விவரிக்க வேண்டியபோது, பார். இந்த வழக்கில் என்னைப் பொறுத்தவரை இதுவே தலையாய சான்று. தமிழ்ப் பற்று இல்லாத, தேவை மட்டுமே உள்ள இரண்டு பேர், தங்கள் மொழியில் சொல் போதாது என்று கண்டு கடன் வாங்கியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களும் பிற்காலத்தில் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

பணத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனெனில் ‘பேங்க்’ மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு அங்கேதான். 1905இல் இலங்கைப் பக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த மயக்கத்தில் மறு ஆண்டே ‘சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்’ என்ற நிறுவனம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 ஆண்டுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. 1912இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பேங்கில் போட்ட பணம் போல் முத்து காத்திருக்கும் என்று எண்ணிவிட்டார்கள் என்று எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் குத்தகைப் பத்திரத்தில் ‘பேங்க்’ இருந்த இடத்தில் ‘பார்’ என்று எழுதியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. பிழை அந்தச் சொல்லில் இல்லை. ஆண்டுதோறும் மாறாத வாடகை என்ற ஏற்பாட்டில் இருந்தது. நிலையில்லாத விளைச்சலின் மேல் நிலையான தொகையை ஏற்றினார்கள். தூத்துக்குடிப் பக்கமும் விளைச்சல் அப்படித்தான்: 1926 முதல் 1928 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு, பிறகு 1955 வரை ஒன்றுமில்லை, 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும், அதோடு சரி. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து ‘பேங்க்’ என்ற சொல்லை நான் விடுவிக்கிறேன்.

இனி ஊருக்குள் வருவோம். அங்கே ஏன் அந்தச் சொல் வென்றது? வட்டிக்கடை இருந்தது, லேவாதேவி இருந்தது, உறவுக்குள் கைமாற்று இருந்தது, சமூகப் பொதுநிதியான மகமை இருந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் சிறுசிறு தொகையாக வாங்கிச் சேர்த்து, சட்டப்படி பதிவான ஒரு கம்பெனியின் பெயரில் வைத்து, கேட்ட நேரத்தில் திருப்பித் தரும் ஏற்பாடு மட்டும் இவற்றுள் எதிலும் முழுமையாக இல்லை. பொருள் புதிது, சொல்லும் புதிதாக வரட்டும் என்று மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘பேங்க்’ அங்கே எந்த வேறுபாட்டையும் அழிக்கவில்லை. வட்டிக்கடையிலிருந்து வேறான ஒன்றைப் பிரித்துக் காட்டியது. பிறகு எழுத்துத் தமிழ் அதை வங்கி ஆக்கிக்கொண்டது. தோளில் அணியும் வங்கி ஏற்கெனவே இருந்தும் யாருக்கும் குழப்பம் வரவில்லை. ரத்த வங்கி, விதை வங்கி என்று அது கிளைவிட்டபோதும் பொருள் கெடவில்லை, ஏனெனில் அங்கெல்லாம் போடுவதும் எடுப்பதும் உண்மையாகவே நடக்கின்றன.

அந்த வெற்றியே இப்போது கடலுக்கு ஆபத்தாக முடியலாம். ஆங்கில நூலில் ‘பேர்ல் பேங்க்’ என்று பார்க்கும் இன்றைய மொழிபெயர்ப்பாளர் ‘முத்து வங்கி’ என்று எழுதினால், ஆங்கிலத்தில் இரு வேறு வழியில் வந்த இரண்டு சொற்களைத் தமிழில் ஒன்றாக்கிவிடுகிறார். ஆங்கிலம் செய்யாத பிழையை நாம் செய்கிறோம். ‘முத்துக் கரை’ என்றால் கடற்கரை நினைவு வரும். ‘முத்துத் திட்டு’ ஓரளவு தேறும், ஆனால் திட்டு என்றால் இங்கே மணல் திட்டுதான் முதலில் தோன்றும். சிப்பியைக் கொல்லும் மணலைச் சிப்பியின் வீட்டுக்குப் பெயராக வைப்பதா? ‘முத்துப் படுகை’ ஆற்றையும் எண்ணெய்க் கிணற்றையும் நினைவூட்டுகிறது.

‘பார்’ என்ற சொல்லுக்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம். அதற்கு இன்று பொருள்கள் மிகுதி. உலகம் என்பது பழைய பொருள். ‘பார்’ என்ற ஏவலும் உண்டு. வழக்கறிஞர் பார் இருக்கிறது, மதுக்கடைப் பார் தெருவுக்குத் தெரு இருக்கிறது. தனியே ‘பார்’ என்று எழுதினால் இளம் வாசகர் தடுமாறுவார் என்பது உண்மை. ஆனால் ‘முத்துப் பார்’ என்று எழுதினால் தடுமாற்றம் இல்லை. தொள்ளாயிரம் பார் என்று பெயர் சொன்னாலும் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பது ஒரு சொல்லைக் கைவிடக் காரணமாகாது. கரையில் உள்ளவர்கள் அதைக் கைவிடவும் இல்லை. முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுக்கு மேல் ஆன பின்பும், கலவாய் மீன் தேடிப் போகிறவர்கள் பாரில் தூண்டில் போட்டேன் என்றுதான் சொல்கிறார்கள்.

1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் ஆராய்ச்சி நிலையத்தினர் வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, சிப்பிகளைக் கூடைகளில் இட்டுக் கடலில் தொங்கவிட்டார்கள். பார் செய்த வேலையைக் கூடை செய்தது. பிடிமானம் கொடுத்தது, மணலுக்கு மேலே தூக்கி வைத்தது. பார் என்பது என்ன என்று அந்தச் சோதனையைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. உயரம் மட்டுமே தேவை என்றால் மணல்மேடே போதுமே.

என் தீர்ப்பு இது. மாலுமியின் சொல்லாக ‘பேங்க்’ குறையற்றது. முத்துப் பாரின் பெயராக அது பாதியே சரி. தரையின் தன்மையையும், முத்துத் தரைக்கும் சங்குத் தரைக்கும் உள்ள பிரிவையும் அது சொல்லாமல் விட்டது. பார்கள் அழிந்ததற்கோ, குத்தகைகள் முறிந்ததற்கோ அதன் மேல் பழி போடச் சான்று இல்லை. தமிழில் அதை ‘வங்கி’ ஆக்குவது மட்டும் எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. தமிழ்ப் பாடநூலிலும் செய்தியிலும் ‘முத்துப் பார்’ என்றே எழுத வேண்டும். வாட்ஜ் பேங்க் போல இடப்பெயராக உறைந்துபோனதை அப்படியே விட்டுவிடலாம். 1976ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்பாட்டிலேயே அது அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பார்ப் பெயர்களில் பல இன்று ஆங்கில எழுத்துக் கூட்டலில் மட்டுமே அச்சில் கிடைக்கின்றன. ‘ஆறு பாகம்’ போல எத்தனை சொற்கள் அதற்குள் அடையாளம் தெரியாமல் கிடக்கின்றனவோ. முன்பு கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் உச்சியையும் வைத்துப் பாரைக் கண்டவர்கள் இப்போது ஜிபிஎஸ் கருவியில் எண்ணாகச் சேமிக்கிறார்கள். எண் தவறாது, ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே கல்லா, பாசியா, பூச்சி மணலா என்று அது சொல்லாது. சங்கு குளிக்கும் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து, எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயரும், அதற்கு எதிரே தரையின் தன்மையும் எழுதி, மீன்வளத் துறையோ ஆராய்ச்சி நிலையமோ தமிழில் ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்திலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.